ஏக்கர் ஒரு ரூபாய்... ஊட்டியில் முதல் பங்களா கட்டிய சல்லிவனின் கதை!

நைட் ஷிப்ட் முடிஞ்சு, சூளகிரி பைபாஸ்ல கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்குறீங்க. கையில் போன். ரீல்ஸில் பூட்டானின் பாரோ பள்ளத்தாக்கு. பைன் மரங்களுக்கு நடுவில் ஒரு லாட்ஜ், ரூமுக்குள்ளேயே விறகு அடுப்பு, கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மலை. ஒரு ராத்திரி வாடகையைப் பார்த்தா நம்ம மாசச் சம்பளம் சின்னதாத் தெரியும். போதாததுக்கு, இந்தியர்கள் பூட்டானில் தங்கும் ஒவ்வொரு இரவுக்கும் அந்த நாட்டு அரசுக்கு 1,200 ரூபாய் கட்டணமும் கட்டணும். சரின்னு ஒரு லைக்கைப் போட்டுட்டு, வீக்எண்டுக்கு ஊட்டியில் ரூம் தேட ஆரம்பிக்கிறீங்க.

கொஞ்சம் நில்லுங்க. மலை மேல ஏறி, குளிருல, சொகுசா தங்கணும்ங்கிற இந்த ஆசையை நீலகிரியில் தொடங்கி வெச்சவர் ஒருத்தர் இருக்கார். ஜான் சல்லிவன். ஊட்டியை உருவாக்கியவர் என்று பாடப்புத்தகத்தில் படிச்சிருப்பீங்க. ஆனா, அந்த ஆளோட முழுக்கதை ஒரு வரியில் அடங்காது.

வெயில் தாங்காத கலெக்டர்

1788-ல் லண்டனில் பிறந்தவர் சல்லிவன். பதின்ம வயதிலேயே கிழக்கிந்திய கம்பெனி வேலைக்காக மெட்ராஸுக்குக் கப்பல் ஏறினார். 1815-ல் கோயம்புத்தூர் கலெக்டர். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

ஃபேன் இல்லை, ஏசி இல்லை, மலேரியாவுக்குச் சரியான மருந்தும் இல்லாத காலம். சமவெளியில் வேலை பார்த்த வெள்ளைக்கார அதிகாரிகள் காய்ச்சலில் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். கோயம்புத்தூரிலிருந்து வடக்கே பார்த்தால் நீலமாக ஒரு மலை. 1818-ல் அவருடைய உதவியாளர்கள் விஷ், கிண்டர்ஸ்லி இருவரும் அதில் ஏறிப் பார்த்துவிட்டு வந்து சொன்ன சேதி, கலெக்டரை உட்கார விடவில்லை. 1819 ஜனவரியில் அவரே கிளம்பிவிட்டார்.

மேலே போனவருக்குத் தலைகால் புரியவில்லை. வெப்பமண்டல நாட்டின் நடுவில் அவர் பிறந்த ஊர்க் குளிர்! அதே ஆண்டு அவரோடு மலைக்கு வந்த பிரெஞ்சு இயற்கையியலாளர் லெஷெனோ, உடம்பு சரியில்லாமல் ஏறித் தெம்பாக இறங்கினார். கோத்தகிரி அருகே கன்னேரிமுக்கில் சல்லிவன் ஒரு பங்களா கட்டினார். சிறுமுகையிலிருந்து கோத்தகிரிக்கு மேக்பர்சன் என்ற ராணுவ அதிகாரியின் மேற்பார்வையில் பாதை போடப்பட்டது. மலையை வெட்டியது சிறைக்கைதிகள். 1823-ல் பாதை தயார்.

கல் பங்களா

கோத்தகிரியோடு சல்லிவன் நிற்கவில்லை. இன்னும் உயரத்தில் புல்வெளி விரிந்த ஒரு இடம். அங்கே தோடர்களின் குடியிருப்பு இருந்தது. எருமைகளோடு வாழும் தோடர்கள் தங்கள் குடியிருப்பை மந்து என்பார்கள். உதகமண்டலம் என்ற பெயரின் வால் பகுதி வந்ததே அந்த மந்திலிருந்துதான்.

அந்தத் தோடர்களிடம் ஏக்கர் ஒரு ரூபாய் என்று நிலம் வாங்கினார் சல்லிவன். 1822-ல் வேலை தொடங்கி, அடுத்த ஆண்டு எழுந்தது ஊட்டியின் முதல் ஐரோப்பிய வீடு, ஸ்டோன் ஹவுஸ். ஊர்க்காரர்கள் வைத்த பெயர் கல் பங்களா. சுற்றிலும் தோட்டம். இங்கிலாந்துப் பழங்கள், பூக்கள், காய்கறிகள். நீங்க மார்க்கெட்டில் கேட்டு வாங்குற ஊட்டி உருளைக்கிழங்குக்கும் பிள்ளையார்சுழி அங்கேதான். நீங்க போட்டிங் போற ஊட்டி ஏரியும் 1823-லிருந்து 1825 வரை அவர் வெட்டியதுதான்.

1826-ல் அந்த மலையில் சல்லிவனின் விருந்தாளியாக வந்து தங்கியவர், மெட்ராஸ் கவர்னர் தாமஸ் மன்றோ. இவர் உங்க ஏரியாவுக்குப் பழைய ஆள். 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து கம்பெனி கைக்குப் போன பாராமகாலில், அதாவது இன்றைய கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம், ஏழு வருஷம் ஊர் ஊராகப் போய் நிலத்தை அளந்து வரி போட்ட அதிகாரிகளில் ஒருவர் அவர். நிலம் யாருடையது, யார் பெயரில் எழுதுவது என்ற கேள்வியிலேயே பாதி வாழ்நாளைக் கழித்தவர்.

அதே கேள்விதான் கொஞ்ச நாளில் சல்லிவன் வாசலுக்கும் வந்தது.

நிலம் யாருக்கு?

1827-ல் ஸ்டீபன் ரம்போல்ட் லஷிங்டன் புதிய கவர்னராக வந்தார். ஊட்டியை நோயாளிச் சிப்பாய்களுக்கான இடமாக மாற்ற நினைத்தார். 1828-ல் ஊட்டி ராணுவக் குடியிருப்பானது. இடம் வேண்டும், இன்னும் இடம் வேண்டும் என்றது அரசு.

கலெக்டர் குறுக்கே நின்றார். இந்த மலை தோடர்களுக்குச் சொந்தம், அவர்களுக்கு விலை கொடுக்காமல் ஒரு பிடி மண்ணை எடுக்கக் கூடாது என்பது சல்லிவனின் கட்சி. அவர்களுக்கு இருப்பது எருமை மேய்க்கும் உரிமை மட்டும்தான், நிலம் அரசாங்கத்துடையது என்பது எதிர்க்கட்சி.

இங்கே சல்லிவனை அப்படியே ஹீரோவாக்கிடவும் முடியாது. ஏக்கர் ஒரு ரூபாய்க்கு வாங்கி, தனக்குப் பெரிய தோட்டம் போட்டவரும் அவர்தான். அவர் திறந்த பாதையில்தான் மற்றவர்கள் ஏறி வந்தார்கள். ஆனால், தான் அனுபவிக்கும் சொகுசுக்குக் கீழே இன்னொருத்தர் மண் இருக்கிறது என்பதை அவர் மறைக்கவில்லை. பதவிக்கு ஆபத்து என்று தெரிந்தும் எழுதினார்.

1830-ல் ஊட்டி இருந்த மேற்குப் பகுதியைக் கோயம்புத்தூரிலிருந்து பிரித்து, மலபார் மாவட்டத்தோடு சேர்த்துவிட்டார்கள். சல்லிவனின் கலெக்டர் காலமும் முடிந்தது. பிறகு மெட்ராஸில் வருவாய் வாரியத்துக்கு வந்தபோதும் தோடர் உரிமைப் பேச்சை அவர் விடவில்லை. ஆனாலும் தோடர்களுக்கு முழு உடைமை கிடைக்கவில்லை.

எதிரி கட்டிய கோயில்

1838-ல் மனைவி ஹென்ரியட்டாவும் மகளும் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். காய்ச்சலிலிருந்து தப்பிக்கத் தேடிய மலை, அவர் குடும்பத்தைக் காப்பாற்றவில்லை. இருவரும் அடங்கியிருப்பது ஊட்டி செயின்ட் ஸ்டீபன்ஸ் சர்ச் கல்லறைத் தோட்டத்தில். அந்த சர்ச்சைக் கட்ட வைத்தவர் யார் தெரியுமா? அதே லஷிங்டன். உத்தரங்களுக்கான மரம், தோற்ற திப்புவின் ஸ்ரீரங்கப்பட்டண அரண்மனையிலிருந்து வந்தது.

1841-ல் சல்லிவன் மிச்சமிருந்த பிள்ளைகளோடு இந்தியாவை விட்டுக் கிளம்பினார். இங்கிலாந்தில் உட்கார்ந்தும் சும்மா இல்லை. இந்திய சமஸ்தானங்களைக் கம்பெனி விழுங்குவதை எதிர்த்து எழுதினார். 1855-ல் தன் 66-வது வயதில் காலமானார்.

அடுத்த முறை ஊட்டி போனா...

2022-ல் ஊட்டிக்கு 200 வயது கொண்டாடியபோது சல்லிவனுக்குச் சிலை வைத்தார்கள். அதன் முன்னால் செல்ஃபி எடுங்க, தப்பில்லை. கன்னேரிமுக்கு பங்களா இப்போ நினைவகம். கல் பங்களா, அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இன்னும் நிற்கிறது. இரண்டையும் பாருங்க. இ-பாஸ் எடுக்க மறக்காதீங்க. 2024-லிருந்து வண்டியில் போக அது கட்டாயம். பூட்டான் காசு வாங்குவதும் ஊட்டி பாஸ் கேட்பதும் ஒரே காரணத்துக்குத்தான்: மலை தாங்கணுமே.

சூளகிரிக்காரங்களுக்கு இந்தக் கதையைத் தனியா விளக்கத் தேவையில்லை. ஏக்கர் என்ன விலைங்கிற பேச்சு இல்லாத டீக்கடை நம்ம பக்கம் ஏது? சிப்காட்டுக்கு நிலம் தர மாட்டோம்னு உத்தனப்பள்ளிப் பக்கம் விவசாயிகள் 2023-ல் போராடியதை நேரிலேயே பார்த்திருப்பீங்க. உங்க தாத்தாவோட கேழ்வரகுக் கொல்லையில் இன்னைக்கு ஒரு கம்பெனி நிற்கலாம். அதே கம்பெனியில் நீங்க வேலையும் பார்க்கலாம். ரெண்டும் ஒரே வாழ்க்கையில் நடக்கும்னு உங்களுக்குத் தெரியும்.

நீலகிரியில் இன்று தோடர்கள் சுமார் இரண்டாயிரம் பேர். ஊட்டியில் ரூம் எடுத்து, போர்வைக்குள்ள சுருண்டு, ஜன்னலைத் திறந்து பனியைப் பார்க்கும்போது ஒரே ஒரு விஷயம் செய்யுங்க. இங்கே முன்னாடி எந்த மந்து இருந்ததுன்னு ரூம் பாயிடம் கேட்டுப் பாருங்க. தெரியலைன்னா, ரெண்டு பேரும் சேர்ந்து விசாரிங்க!