களத்திற்கு வெளியேயும் ஆடியவர்

ஒரு விளையாட்டு வீரரின் திறமையை உலகம் களத்தில்தான் காண்கிறது. அந்தக் களத்தை அடைவதற்கு அவர் கடந்துவந்த தடைகள் பலர் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. பயிற்சி, பயணச்செலவு, தங்குமிடம், போட்டிக்கான அழைப்பு ஆகியவற்றுள் ஒன்று இல்லையெனினும் வளரும் வீரரின் பயணம் நின்றுவிடக்கூடும். இவற்றோடு நிறப்பாகுபாட்டையும் எதிர்கொண்டு டென்னிஸ் உலகின் உச்சியைத் தொட்டவர் ஆல்தியா கிப்சன். அவரது வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

தெருவே களம்

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் சில்வர் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கு 1927ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள் ஆல்தியா கிப்சன் பிறந்தார். அவருடைய பெற்றோர், விளைச்சலில் ஒரு பங்கைப் பெறும் வார முறையில் பிறர் நிலத்தில் பருத்தி பயிரிட்டு வாழ்ந்தவர்கள். பொருளாதாரப் பெருமந்தம் அவர்களின் வாழ்வாதாரத்தைப் பறித்தது. 1930ஆம் ஆண்டில் அக்குடும்பம் நியூயார்க் நகரில் கறுப்பின மக்கள் மிகுதியாக வாழ்ந்த ஹார்லம் பகுதிக்குக் குடிபெயர்ந்தது.

அவர்கள் குடியிருந்த 143ஆம் தெரு, சிறுவர் விளையாடுவதற்காகப் பகல் வேளைகளில் வாகனப் போக்குவரத்தின்றி ஒதுக்கப்பட்டிருந்தது. அங்கு மரமட்டையால் ஆடப்படும் 'பேடில் டென்னிஸ்' விளையாட்டில் ஆல்தியா தேர்ச்சி பெற்றார். பன்னிரண்டு வயதிலேயே நியூயார்க் நகர மகளிர் பட்டத்தை வென்றார். அவரிடம் இருந்த ஆற்றலை உணர்ந்த அக்கம்பக்கத்தார் தமக்குள் பணம் திரட்டி, 1940ஆம் ஆண்டில் அவரை ஹார்லத்திலிருந்த காஸ்மோபாலிடன் டென்னிஸ் சங்கத்தில் சேர்த்தனர். எளிய மக்கள் தந்த அச்சிறு தொகையே அவரது பயணத்தின் முதல் மூலதனம் ஆயிற்று.

இரு மருத்துவர்களின் துணை

வெள்ளையர் சங்கங்களில் இடம் மறுக்கப்பட்ட கறுப்பின வீரர்கள், அமெரிக்க டென்னிஸ் கழகம் என்னும் தனி அமைப்பை 1916ஆம் ஆண்டிலேயே நிறுவியிருந்தனர். அக்கழகத்தின் மகளிர் இறுதிப்போட்டியில் 1946ஆம் ஆண்டு ஆல்தியா தோல்வியுற்றார். ஆயினும், அப்போட்டியைக் கண்ட வால்டர் ஜான்சன், ஹூபர்ட் ஈட்டன் என்னும் இரு கறுப்பின மருத்துவர்கள் அவரது எதிர்காலத்தைத் தம் பொறுப்பாக ஏற்றுக்கொண்டனர்.

பள்ளிப் படிப்பை இடையிலேயே விட்டிருந்த ஆல்தியா, வில்மிங்டன் நகரில் ஈட்டனின் இல்லத்தில் தங்கி மீண்டும் பள்ளிக்குச் சென்றார். கோடைக்காலங்களில் லிஞ்ச்பர்க் நகரிலிருந்த ஜான்சனின் வீட்டில் தங்கிப் பயிற்சி பெற்றார். பேருந்தின் பின்னிருக்கைகளில் மட்டுமே கறுப்பினத்தவர் அமர வேண்டும் என்னும் விதி நிலவிய தென்மாநிலங்கள் அவை. மருத்துவர்களின் வீட்டுத் தோட்டங்களில் அமைந்த தனியார் களங்களே அவருக்குத் துணைநின்றன. 1947 முதல் தொடர்ந்து பத்து ஆண்டுகள் அக்கழகத்தின் மகளிர் பட்டம் அவர் வசமாயிற்று.

திறக்காத வாயில்

ஃபாரஸ்ட் ஹில்ஸில் நடைபெற்ற அமெரிக்கத் தேசியப் போட்டி கறுப்பினத்தவருக்கு எழுத்தளவில் தடை விதிக்கவில்லை. ஆனால், அதில் ஆடுவதற்கு அங்கீகரிக்கப்பட்ட முன்போட்டிகளில் ஆடித் தகுதி பெற வேண்டும். அம்முன்போட்டிகளுள் பெரும்பாலானவை வெள்ளையர் மட்டும் நுழையக்கூடிய சங்கங்களில் நடைபெற்றன. ஆகவே, விதியில் இல்லாத தடை நடைமுறையில் உறுதியாக இருந்தது.

இந்நிலையில், முன்னாள் வெற்றியாளரான ஆலிஸ் மார்பிள் 1950ஆம் ஆண்டு சூலையில் டென்னிஸ் இதழொன்றில் ஒரு கட்டுரை எழுதினார். ஆல்தியாவின் திறமையைக் களத்தில் சோதிக்காமல் வாயிலிலேயே தடுப்பது விளையாட்டிற்கே இழுக்கு என்பது அக்கட்டுரையின் சாரம். வெள்ளையர் ஒருவர் வெளிப்படையாக எழுப்பிய அக்குரலுக்குப் பயன் கிடைத்தது. அவ்வாண்டே ஃபாரஸ்ட் ஹில்ஸில் ஆடும் அழைப்பு ஆல்தியாவிற்கு வந்தது.

இரண்டாம் சுற்றில் அவரை எதிர்த்தவர், தொடர்ந்து மூன்றாம் முறையாக விம்பிள்டன் பட்டத்தை அப்போதுதான் வென்றிருந்த லூயிஸ் பிரஃப். முதல் செட்டை 1-6 என இழந்த ஆல்தியா, இரண்டாம் செட்டை 6-3 எனக் கைப்பற்றினார். மூன்றாம் செட்டில் 7-6 என அவர் முன்னிலை பெற்றிருந்தபோது பெருமழை கொட்டியது. அரங்கின் மேல் இருந்த கழுகுச் சிலை ஒன்றை மின்னல் தாக்கி வீழ்த்தியது. ஆட்டம் மறுநாளைக்குத் தள்ளிவைக்கப்பட்டது. ஓரிரவு முழுதும் காத்திருந்து மீண்டும் களமிறங்கிய ஆல்தியா, அடுத்த மூன்று கேம்களையும் இழந்து 7-9 எனத் தோற்றார். எனினும், அவர் உலகின் முன்னணி வீராங்கனைக்கு இணையானவர் என்பதில் அதன்பின் எவருக்கும் ஐயமில்லை.

தளர்வும் மீட்சியும்

1951ஆம் ஆண்டில் விம்பிள்டனில் ஆடிய முதல் கறுப்பினப் பெண்மணி என்னும் சிறப்பை ஆல்தியா பெற்றார். ஆயினும், பெரும்பட்டங்கள் கைகூடவில்லை. அக்காலத்தில் பெரும்போட்டிகள் அனைத்தும் 'அமெச்சூர்' எனப்படும், பரிசுப்பணம் பெறாத வீரர்களுக்கே உரியவையாக இருந்தன. வென்றால் கோப்பை கிட்டும், பணம் கிட்டாது. செல்வம் உடையோருக்கு அவ்விதி சுமையன்று. பருத்தித் தொழிலாளியின் மகளுக்கோ அது பெருஞ்சுமை.

1953இல் ஃபுளோரிடா வேளாண் மற்றும் இயந்திரவியல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற அவர், மிசௌரி மாநிலத்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி ஆசிரியரானார். தரவரிசையில் பின்தங்கிய அவர், டென்னிஸைக் கைவிட்டு இராணுவத்தில் சேரவும் எண்ணினார். அவ்வேளையில் அவரது பயிற்சியாளர் சிட்னி லுவெலின் அவரை ஊக்கப்படுத்தினார். 1955ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்க அரசு நான்கு வீரர்களை ஆசிய நல்லெண்ணப் பயணத்திற்கு அனுப்பியபோது ஆல்தியாவும் அதில் இடம்பெற்றார். இந்தியா, இலங்கை, பர்மா, பாகிஸ்தான், தாய்லாந்து ஆகிய நாடுகளின் மக்கள் அவரை அன்புடன் வரவேற்றனர். செலவைப் பற்றிய கவலையின்றித் தொடர்ந்து ஆடும் வாய்ப்பு முதன்முறையாக அவருக்குக் கிட்டியது. அவரது ஆட்டத்தில் புதிய உறுதி பிறந்தது.

வெற்றிப்படிகள்

1956ஆம் ஆண்டு பிரெஞ்சுப் போட்டியில் ஒற்றையர் பட்டத்தை வென்று, கிராண்ட் ஸ்லாம் வென்ற முதல் கறுப்பினத்தவர் ஆனார். அதே போட்டியில் இரட்டையர் பட்டத்தையும் வென்றார். அதில் அவருக்கு இணையாக ஆடிய ஏஞ்சலா பக்ஸ்டன், யூதர் என்பதற்காக இங்கிலாந்தில் ஒதுக்கப்பட்டவர். ஒதுக்கப்பட்ட இருவரும் அவ்வாண்டு விம்பிள்டன் இரட்டையர் பட்டத்தையும் சேர்ந்தே வென்றனர்.

1957ஆம் ஆண்டு விம்பிள்டன் ஒற்றையர் இறுதிப்போட்டியில் டார்லின் ஹார்டை 6-3, 6-2 என வென்ற ஆல்தியா, இரண்டாம் எலிசபெத் அரசியின் கைகளிலிருந்து பரிசைப் பெற்றார். நியூயார்க் திரும்பிய அவருக்குக் காகிதத் துணுக்குகள் மழையெனப் பொழிய நகர வீதிகளில் ஊர்வலம் நடைபெற்றது. அவ்வாண்டே ஃபாரஸ்ட் ஹில்ஸில், ஏழாண்டுகளுக்கு முன் தம்மை வென்ற லூயிஸ் பிரஃபை இறுதிப்போட்டியில் வீழ்த்தினார். 1958இலும் அவ்விரு பட்டங்களையும் தக்கவைத்துக்கொண்டார். ஒற்றையர், இரட்டையர், கலப்பு இரட்டையர் என அவர் வென்ற கிராண்ட் ஸ்லாம் பட்டங்கள் மொத்தம் 11.

புகழும் பொருளும்

உலகின் முதன்மை வீராங்கனையாக விளங்கியபோதும் அவருக்கு நிலையான வருவாய் இல்லை. ஆகவே 1958ஆம் ஆண்டின் இறுதியில் அமெச்சூர் ஆட்டத்திலிருந்து விலகினார். பாடல் இசைத்தட்டு வெளியிட்டார், திரைப்படத்தில் நடித்தார். புகழ்பெற்ற ஹார்லம் குளோப்டிராட்டர்ஸ் கூடைப்பந்து அணியின் ஆட்டங்களுக்கு முன்பாகக் காட்சிப்போட்டிகளில் ஆடினார். அன்று மகளிருக்கென நிலையான தொழில்முறை டென்னிஸ் தொடர்கள் இல்லை. விம்பிள்டன் வெற்றியாளர் ஒருவர், வேறொரு விளையாட்டைக் காண வந்த கூட்டத்தின்முன் ஆடிப் பொருளீட்ட வேண்டியிருந்தது.

1964ஆம் ஆண்டில், 37ஆம் வயதில், மகளிர் தொழில்முறைக் கோல்ஃப் தொடரில் இடம்பெற்ற முதல் கறுப்பினப் பெண்மணியாகவும் ஆனார். அங்கும் சில சங்கங்கள் தம் கட்டடத்திற்குள் அவரை அனுமதிக்கவில்லை. அவர் தம் மகிழுந்திலேயே உடை மாற்றிக்கொண்டு களமிறங்க நேர்ந்தது. பெரும்போட்டிகள் தொழில்முறை வீரர்களுக்கும் திறக்கப்பட்ட 1968ஆம் ஆண்டில் அவருக்கு அகவை நாற்பது கடந்திருந்தது. அவர் வேண்டி நின்ற மாற்றம் அவருக்குப் பயன்படாத காலத்தில் வந்து சேர்ந்தது.

இறுதிக்காலம்

பின்னர் நியூஜெர்சி மாநிலத்தின் விளையாட்டு ஆணையராக ஆல்தியா பொறுப்பேற்றார். முதுமையில் மூளைக் குருதிக்கசிவும் பக்கவாதமும் அவரை முடக்கின. வீட்டு வாடகைக்கும் மருந்துக்கும் பணமின்றி நம்பிக்கை இழந்த நிலையில், தம் பழைய தோழி ஏஞ்சலா பக்ஸ்டனைத் தொலைபேசியில் அழைத்தார். பக்ஸ்டன் டென்னிஸ் இதழொன்றின் வழியாக அவரது நிலையை உலகிற்குத் தெரிவித்தார். பல நாடுகளிலிருந்தும் ஏறத்தாழ பத்து இலட்சம் டாலர் வந்து சேர்ந்தது. அன்று ஹார்லத்தின் அக்கம்பக்கத்தார் செய்த உதவியை, அரை நூற்றாண்டிற்குப் பின் முகமறியாத டென்னிஸ் அன்பர்கள் செய்தனர்.

2003ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள் ஆல்தியா கிப்சன் மறைந்தார். மருத்துவர் ஜான்சனிடம் அவருக்குப் பின் பயின்ற ஆர்தர் ஆஷ் 1975இல் விம்பிள்டனை வென்றார். அங்கு மகளிர் ஒற்றையர் பட்டத்தை மற்றொரு கறுப்பினப் பெண்மணி வெல்வதற்கு, 2000ஆம் ஆண்டில் வீனஸ் வில்லியம்ஸ் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அமெரிக்க ஓப்பன் போட்டி நடைபெறும் வளாகத்தில் 2019ஆம் ஆண்டு ஆல்தியாவிற்குச் சிலை நிறுவப்பட்டது. ஒரு காலத்தில் அழைப்பிற்காக அவரைக் காத்திருக்கச் செய்த போட்டியின் வாயிலுக்குள், இன்று வரும் இளம் வீரர்கள் அச்சிலையைக் கண்டே களத்திற்குச் செல்கின்றனர்.

தெரியுமா?

தொழில்முறை வீரர்களும் பங்கேற்ற முதல் விம்பிள்டன் போட்டி 1968ஆம் ஆண்டு நடைபெற்றது. அதில் ஆடவர் ஒற்றையர் வெற்றியாளருக்கு 2000 பவுண்டும் மகளிர் ஒற்றையர் வெற்றியாளருக்கு 750 பவுண்டும் பரிசாக வழங்கப்பட்டன. அங்கு இருபாலருக்கும் சமமான பரிசுத்தொகை 2007ஆம் ஆண்டு முதல் வழங்கப்படுகிறது.