பழைய வயலின்களைத் தேடி நடந்தவர்

லூயிஜி தாரிசியோவை வணிகர் என்பதா, காவலர் என்பதா என்னும் வழக்கு எளிதில் தீர்வதன்று. வட இத்தாலியில் தச்சுத் தொழில் பழகிய அவர் வயலினும் வாசிப்பார். சிற்றூர்களையும் துறவியர் மடங்களையும் கால்நடையாகச் சுற்றி, பரண்களில் விரிசல்கண்டு கிடந்த பழைய வயலின்களைத் தேடினார். புதிய வயலின் ஒன்றைக் கொடுத்துப் பழையதைப் பெற்றுக்கொள்வது அவர் வழக்கம். கொடுத்தவர் அதன் மதிப்பை அறியார், அவர் அறிவார். இதனை நேர்மை என்று சொல்வதற்கில்லை. ஆயினும், அழிந்திருக்கக்கூடிய பல கருவிகள் அவர் கையால் பிழைத்தன.

1827-இல் பாரிசு சென்று விற்கத் தொடங்கினார். அவ்வாண்டிலேயே கோசியோ பிரபுவிடமிருந்து, ஸ்திராதிவாரி 1716-இல் செய்து புதுக்கருக்குக் குலையாதிருந்த வயலினை வாங்கினார். பாரிசு வணிகரிடம் அதனை ஓயாது புகழ்ந்தாரேயன்றி ஒருமுறையும் கொண்டுவந்து காட்டவில்லை. காத்திருந்தும் வாராத மீட்பரைப் போன்றது என்று பிறந்த கேலியே 'மெசையா' என்னும் பெயராக நிலைத்தது.

1854-இல் மிலான் நகரில், வயலின்கள் சூழ்ந்த எளிய அறையில் தனியே இறந்துகிடந்தார் என்பர். அடுத்த ஆண்டு பாரிசு வயலின் வினைஞர் வில்லோம் விரைந்து சென்று, அவருடைய உறவினரிடமிருந்து 140-க்கு மேற்பட்ட கருவிகளை வாங்கினார். இன்று ஆக்ஸ்போர்டு ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்திலுள்ள மெசையாவும் அவற்றுள் ஒன்று. அவற்றின் மதிப்பை அவ்வுறவினரும் அறிந்தாரல்லர்.