குடலுக்குள் எட்டிப் பார்த்தவர்

வால்டர் கேனன் 1871-ல் அமெரிக்காவில் பிறந்தார். தந்தை ரெயில்வே ஊழியர். வால்டருக்குப் பத்து வயதில் தாயார் நிமோனியாக் காய்ச்சலில் இறந்துபோனார். 14 வயதில் தந்தை படிப்பை நிறுத்தி, அவரை ரெயில்வே ஆபீசில் வேலைக்குச் சேர்த்தார். இரண்டு ஆண்டுகள் அப்படியே போயின. பிறகு விடாப்பிடியாக மீண்டும் பள்ளிக்கூடம் சென்று, உதவிப் பணம் பெற்று, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

1895-ல் ஜெர்மனியில் ராண்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார். எலும்பு தெரிந்தது. குடல் தெரியவில்லை! கதிர் அதை ஊடுருவிப் போய்விட்டது.

1896-ல் கேனன் மருத்துவ மாணவர். பேராசிரியர் பௌடிச் யோசனை சொல்ல, ஆராய்ச்சியில் இறங்கினார். ஒரு வாத்தைப் பெட்டியில் நிறுத்தினார். பிஸ்மத் என்ற உலோகத்தின் உப்பைத் தீனியில் கலந்து கொடுத்தார். உப்பு கதிரை மறித்தது. நீண்ட கழுத்துக்குள் தீனி இறங்குவது நிழலாகத் தெரிந்தது!

அடுத்தது பூனை. பூனை பயந்தாலும் சீறினாலும் இரைப்பையின் அசைவு உடனே நின்றுவிட்டது. அச்சம் உடலை என்ன செய்கிறது என்று அவர் பின்னாளில் செய்த பெரிய ஆராய்ச்சிக்கு இந்தப் பூனையே தொடக்கம். (சாப்பாட்டு நேரத்தில் சண்டை போடுவோர் கவனிக்க!)

பிறகு பிஸ்மத்துக்குப் பதில் பேரியம் வந்தது. வயதானவர்களின் பெருங்குடல் சுவரில் சிறு சிறு பைகள் பிதுங்குவது உண்டு. அவை படத்தில் தெரிந்தன. ஆனால் பை வீங்கிச் சீழ் பிடித்த நேரத்தில் பேரியம் செலுத்துவது ஆபத்து. குடலில் ஓட்டை இருந்தால் வயிற்றுக்குள் கசிந்துவிடும்.

1970-களில் வந்த சி.டி. ஸ்கேன் இந்தக் குறையைத் தீர்த்தது. குடலுக்கு வெளியே உள்ள சீழ்க்கட்டியும் அதில் தெரிகிறது. வெறும் வீக்கம் என்றால் பெரும்பாலும் மருந்தும் ஓய்வும் போதும். கட்டி பெரிதாக இருந்தால், படத்தைப் பார்த்தபடியே தோல் வழியாக மெல்லிய குழாய் செலுத்திச் சீழை வடித்துவிடுகிறார்கள். மலம் வயிற்றுக்குள் பரவிவிட்டால் உடனே ஆபரேஷன். முன்பு டாக்டர்கள் வயிற்றை அழுத்திப் பார்த்தும், காய்ச்சலைக் கணக்கிட்டும் ஊகித்தே இதை முடிவு செய்தார்கள்.

கேனனைக் கதிர் சும்மா விடவில்லை. அந்நாளில் அதன் தீங்கு யாருக்கும் சரியாகத் தெரியாது. அவருடைய தோல் சிவந்து, தடித்து, அரித்தது. 1931-ல் அது தோலைப் பற்றும் ஒருவகைப் புற்றுநோய் என்று தெரிந்தது. இளமையில் பட்ட கதிரே காரணம் என்று கருதப்பட்டது. அதோடு 1942 வரை ஹார்வர்டில் பாடம் நடத்தினார். 1945 அக்டோபர் 1-ந் தேதி காலமானார்.