ஓலைச் சுவடிகளுக்கு நடுவே ஒரு வீடு!

ஸ்ரீரங்கம் பெருமாளைச் சேவித்துவிட்டு, அப்படியே திருவானைக்காவுக்கும் சென்று அகிலாண்டேஸ்வரியைத் தரிசிப்பது நம்மில் பலருக்கு வழக்கம். அந்த அன்னையைக் குழந்தையாகப் பாவித்துப் பிள்ளைத்தமிழ் பாடியவர், திரிசிரபுரம் மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை.

திருச்சிக்கு அருகில் அதவத்தூரில் 1815-ஆம் ஆண்டு பிறந்தவர். தந்தை சிதம்பரம் பிள்ளையே முதல் ஆசான். இளம் வயதில் அவரை இழந்த பிறகு, தமிழ் தெரிந்தவர்களைத் தேடித் தேடிச் சென்று படித்தார். திருச்சித் தெருக்களில் பிச்சை எடுத்து வந்த ஒரு பரதேசிக்குத் தண்டியலங்காரம் தெரியும் என்று அறிந்து, அவருக்குப் பணிவிடை செய்து பாடம் கேட்டாராம்!

பின்னாளில் மாயூரத்தில் (இன்றைய மயிலாடுதுறை) குடியேறினார். அது வீடா, பாடசாலையா என்று சந்தேகம் வந்துவிடும். எங்கும் சுவடிகள், எந்நேரமும் மாணவர்கள். அவர் பாடல்களைச் சொல்லிக்கொண்டே போக, ஒருவர் எழுத்தாணியால் ஓலையில் எழுதுவார். எழுதுபவரின் கைதான் ஓயும். பிள்ளையின் வாக்கு ஓயாது. உறையூர், நாகைக்காரோணம் என இருபதுக்கும் மேற்பட்ட தலபுராணங்கள் இப்படிப் பிறந்தவைதான்.

பாடம் சொல்லிக்கொடுக்கக் காசு வாங்கமாட்டார். அதோடு, மாணவர்கள் பலருக்குச் சாப்பாடும் அவர் வீட்டில்தான். கிறிஸ்தவரான சவேரிநாத பிள்ளையும், இஸ்லாமியரான நாகூர் குலாம் காதிறு நாவலரும் அவரிடம் படித்தவர்களே. 1871-ல் வந்து சேர்ந்த வேங்கடராமன் என்ற பிள்ளையாண்டானைச் சாமிநாதன் ஆக்கியவரும் அவர்தான். நம் தமிழ்த் தாத்தா உ.வே.சா.!

புராண அரங்கேற்றங்களில் கிடைத்த சன்மானம் வந்த வேகத்திலேயே செலவாகிவிடும். ஊர் ஊராக உள்ள தெய்வங்களின் பெருமையைப் பாடியவர் வீட்டில் கடன் மட்டும் தீரவேயில்லை. மனைவி காவேரி ஆச்சி இத்தனை பேருக்கும் நடுவே எப்படித்தான் குடித்தனம் நடத்தினாரோ! அடுப்படி தெரிந்த நமக்குத்தான் அந்தக் கஷ்டம் புரியும்.

திருவாவடுதுறை ஆதீனத்தின் வித்வானாக விளங்கிய அவர், 1876 பிப்ரவரி 1-ஆம் தேதி அந்தத் தலத்திலேயே சிவனடி சேர்ந்தார். அந்திம நேரத்தில் திருவாசகம் கேட்க விரும்பினார். அடைக்கலப் பத்தை அருகில் இருந்து வாசித்தவர், சாமிநாதன்.