அஞ்சலுக்கு நெறி வகுத்த போஸ்டெல்

பிறர் நம்பி ஒப்படைத்த பொருளை உரியவரிடம் சேர்ப்பித்தல் கடமை. சேர்ப்பிக்க இயலாதெனின் அதனைக் கொடுத்தவருக்கு அறிவித்தலும் கடமை. அமானிதம் பேணுதல் என்று நாம் போற்றும் இவ்வறத்தை உயிரற்ற கணிப்பொறிகளுக்கும் விதியாக எழுதி வைத்தவர் ஓர் அமெரிக்க அறிஞர். ஜோனதன் புரூஸ் போஸ்டெல் என்பது அவர்தம் பெயர். அஞ்சலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லோடு அப்பெயர் ஒலியால் ஒத்திருப்பது இனியதொரு தற்செயலேயாகும்.

போஸ்டெல் 1943ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் கலிஃபோர்னியா மாநிலத்து அல்டடீனாவில் பிறந்தார். லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பயின்று, 1974இல் முனைவர் பட்டம் பெற்றார். இணையத்தின் முன்னோடியாகிய அர்ப்பாநெட்டின் முதற் கணிப்பொறி 1969இல் இணைக்கப்பட்டது அப்பல்கலைக்கழகத்திலேதான். அவ்வாண்டில் ஸ்டீவ் கிராக்கர் தொடங்கிய ஆர்.எஃப்.சி. எனும் தொழில்நுட்பக் குறிப்பு வரிசைக்குப் போஸ்டெல் பதிப்பாசிரியரானார். இறுதிவரை அப்பணியை அவர் கைவிடவில்லை. 1977 முதல் தென் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்தில் பணியாற்றினார்.

தொடக்க காலத்தில் மின்னஞ்சலுக்கெனத் தனி நெறி இல்லை; கோப்புகளை அனுப்பும் நெறிமுறையின் துணைகொண்டே மடல்களும் சென்றன. இக்குறையை நீக்க, எஸ்.எம்.டி.பி. எனும் எளிய அஞ்சல் நெறிமுறையைப் போஸ்டெல் எழுதினார். 1982 ஆகஸ்டில் 821ஆம் குறிப்பாக அது வெளிவந்தது.

அஞ்சல் வழங்கிகள் இரண்டும் அந்நெறிப்படி உரையாடும் முறை சுவையானது. மடல் கொணரும் வழங்கி, 25 என்னும் எண்ணுடைய வாயிலை அணுகும். உள்ளிருக்கும் வழங்கி 220 என்று விடையளித்து வரவேற்கும். வந்தது ஹெலோ என முகமன் கூறித் தன் பெயரை அறிவிக்கும். மெயில் என்னும் கட்டளையால் அனுப்புநரையும், ஆர்.சி.பி.டி. என்னும் கட்டளையால் பெறுநரையும் சொல்லும். ஏற்புடையதாயின் ஒவ்வொன்றுக்கும் 250 என்னும் விடை கிடைக்கும். பெறுநர் அங்கு இல்லையெனின் 550 என்று மறுப்பு வரும். பின்னர் டேட்டா என்றதும் 354 என இசைவு தரப்படும். மடல் முழுவதும் வரிவரியாகச் செல்லும். தனி வரியில் நிற்கும் ஒற்றைப் புள்ளியே மடலின் முடிவு. இறுதியில் க்விட் என விடைபெறும்.

இவ்வுரையாடலில் தலையாயது, புள்ளிக்குப் பின் வரும் 250 ஆகும். அதனைச் சொன்ன கணமே மடலின் பொறுப்பு, பெற்ற வழங்கியைச் சேர்ந்துவிடுகிறது. மேற்கொண்டு சேர்ப்பிக்க முடியாவிடின் அனுப்பியவருக்கு அறிவிப்பு மடல் விடுக்க வேண்டும் என்பது விதி.

ஆயினும் இந்நெறியில் ஒரு குறை உண்டு. மெயில் கட்டளையில் சொல்லப்படும் பெயர் மெய்யானதா என்று ஆராய அதில் வழியில்லை. வேண்டா மடல்களால் நேரும் தொல்லையைப் பற்றி 1975லேயே 706ஆம் குறிப்பில் எழுதியவர் போஸ்டெல். அவர் வகுத்த நெறியிலேயே இக்குறை அமைந்தது ஏன் என்று மாணவர் வினவக்கூடும். அன்று வலையில் இருந்தவை சில நூறு கணிப்பொறிகளே. அவற்றை நடத்தியவையோ ஒன்றையொன்று அறிந்த நிறுவனங்கள். பின்னாளில் வலை உலகளாவிப் பரந்தபோது பொய்ப்பெயர் மடல்கள் பெருகின. அனுப்புநரைச் சரிபார்க்கும் முறைகள் பல மேலும் சேர்க்கப்பட்டன. நம்பிக்கையைத் தவறாகப் பயன்படுத்தியோரின் பொருட்டு நாம் கொடுக்கும் விலை அது. ஆனால் யாவரையும் ஏற்ற அந்த எளிமையே, எவ்வகைக் கணிப்பொறியும் எந்நாட்டிலிருந்தும் மடல் விடுக்க வழிகோலியது என்பதை மறத்தலாகாது. தான் அனுப்புவதில் கண்டிப்பும், பிறரிடம் பெறுவதில் தாராளமும் வேண்டும் என்பது போஸ்டெல் வலியுறுத்திய கோட்பாடு.

இதய நோயுற்ற போஸ்டெல் 1998 அக்டோபர் 16ஆம் நாள், தம் 55ஆம் அகவையில் லாஸ் ஏஞ்சலிஸில் மறைந்தார். அவர் பதிப்பித்து வந்த குறிப்பு வரிசையிலேயே, நண்பர் வின்ட் செர்ஃப் எழுதிய இரங்கலுரை 2468ஆம் குறிப்பாக இடம்பெற்றது. 2008இல் அஞ்சல் நெறிமுறை புதுக்கப்பட்டபோதும் அவர் எழுதிய அடிப்படைக் கட்டளைகள் நிலைத்து நின்றன.

மின்னஞ்சல் அனுப்புவோருள் போஸ்டெலின் பெயரை அறிந்தோர் சிலரே. எனினும் ஒவ்வொரு மடலும் அவர் வகுத்த கடமையைச் சுமந்தே செல்கிறது. ஏற்றுக்கொண்டேன் என்று சொன்னபின் பொறுப்பு நம்முடையது. அந்த ஒரு சொல்லைக் காப்பதில் மனிதராகிய நாம் கருவிகளுக்குப் பின்தங்கலாகாது.