ஒருவருக்காகக் கலைந்த கழகம்

சர்வாதிகாரி என்றதும் ஹிட்லரும் முசோலினியும் நம் நினைவுக்கு வருவார்கள். வங்காளத்திலோ அது ஒரு குடும்பப் பெயர். அக்குடும்பத்தில் பிறந்த நகேந்திர பிரசாத் சர்வாதிகாரி யாரையும் அடக்கி ஆண்டவர் அல்லர். இந்தியக் கால்பந்தின் தந்தை என்று போற்றப்படும் பெருமகன் அவர். திருவிழாக் காலங்களில் பந்து விளையாட மைதானத்தில் இறங்கும் நம் பங்கு வாலிபர்களும், அவர்களைப் பெற்றவர்களும் அவரை அறிந்திருப்பது நன்று.

அவர் 1869-ஆம் ஆண்டு பிறந்தார். தந்தையார் சூர்ய குமார், கல்கத்தாவில் பேர் பெற்ற மருத்துவர். வீட்டில் கல்வி, செல்வம், குல மதிப்பு எதற்கும் குறைவில்லை. 1877-இல், எட்டு வயதுச் சிறுவனாகத் தாயுடன் குதிரை வண்டியில் கங்கையில் நீராடச் சென்றபோது, வழியில் ஒரு திடலில் வெள்ளையர்கள் பந்தாடிக் கொண்டிருந்தனர். சிறுவன் இறங்கி நின்று வேடிக்கை பார்த்தான். தன்னருகே உருண்டு வந்த பந்தைக் காலால் உதைத்துத் திருப்பி அனுப்பினான். இந்தியர் ஒருவர் கால்பந்தை உதைத்த முதல் உதை அதுவே என்று வரலாறு எழுதியோர் கூறுவர்.

ஹேர் பள்ளியில் அவருடன் படித்த பிள்ளைகள் காசு சேர்த்துப் பந்து வாங்கினார்கள். வாங்கி வந்ததோ ரக்பி பந்து! வேறுபாடு தெரியாமல் அவர்கள் அதை உதைத்துத் திரிவதைப் பக்கத்திலிருந்த பிரசிடென்சி கல்லூரிப் பேராசிரியர் ஸ்டாக் பார்த்தார். அந்த ஆங்கிலேயர் அவர்களுக்கு நல்ல கால்பந்து கிடைக்கச் செய்து, ஆட்ட முறையையும் கற்றுத் தந்தார். அதன்பின் நகேந்திரர் ஓய்ந்திருக்கவில்லை. பாய்ஸ் கழகம், பிரண்ட்ஸ் கழகம், வெலிங்டன் கழகம் என ஒன்றன்பின் ஒன்றாக இளைஞர் கழகங்களைத் தோற்றுவித்தார்.

சோதனை வந்தது வெலிங்டன் கழகத்தில்தான். மணி தாஸ் என்ற இளைஞர் நன்றாக ஆடக்கூடியவர். அவரை உறுப்பினராகச் சேர்க்க நகேந்திரர் விரும்பினார். ஆனால் மணி தாஸ் மண்பாண்டம் செய்யும் குயவர் ஒருவரின் மகன். உயர்குலத்தோர் எனத் தம்மை எண்ணியிருந்த உறுப்பினர்கள் எதிர்த்தனர். அவருடன் சமமாக நின்று ஆடுவது தங்கள் மதிப்புக்கு இழுக்கு என்று கருதினர்.

நகேந்திரர் என்ன செய்திருக்கலாம்? கழகத்தின் ஒற்றுமையைக் காரணம் காட்டி, மணி தாஸைச் சற்றுப் பொறுத்திருக்கச் சொல்லியிருக்கலாம். பெரும்பாலோர் செய்வது அதுதான். பொறுத்திருக்கும்படி சொல்லப்படுகிறவர் எப்போதும் எளியவராகவே இருப்பார். நகேந்திரர் அவ்வழியே போகவில்லை. தாம் பாடுபட்டு வளர்த்த வெலிங்டன் கழகத்தையே கலைத்து விட்டார். 1887-இல் சோவாபஜார் கழகம் என்ற புதிய கழகத்தைத் தொடங்கினார். அதில் முதல் உறுப்பினராகச் சேர்க்கப்பட்டவர் மணி தாஸ்! மற்றவர்கள் அவருக்குப் பின்னால் பெயர் கொடுக்க வேண்டியதாயிற்று.

கலப்பு அணி உருப்படுமா என்று ஐயுற்றவர்களுக்கு மைதானமே விடை தந்தது. 1892-இல் டிரேட்ஸ் கோப்பைப் போட்டியில் சோவாபஜார் அணி, ஈஸ்ட் சர்ரே என்னும் ஆங்கிலேயப் பட்டாள அணியை 2-1 என்ற கணக்கில் வென்றது. மறு ஆண்டு, 1893-இல், இந்தியக் கால்பந்துச் சங்கம் உருவாக உழைத்தவர்களுள் நகேந்திரரும் ஒருவர். மணி தாஸ் பின்னாளில் புகழ்பெற்ற மோகன் பகான் அணியிலும் ஆடினார்.

அந்த மோகன் பகான் அணிதான் 1911-இல் ஈஸ்ட் யார்க்ஷயர் பட்டாள அணியைத் தோற்கடித்துச் சங்கத்தின் கேடயத்தை வென்று நாட்டையே மகிழ்வித்தது. பதினொரு பேரில் பத்துப் பேர் வெறுங்காலுடன் ஆடினர். காலணி அணிந்திருந்த ஒரே ஒருவர் கிறிஸ்தவரான சுதீர் சட்டர்ஜி. இந்துக்களோடு கிறிஸ்தவரும் தோளோடு தோள் நின்று பெற்ற வெற்றி அது.

நம் சேலம் மறைமாவட்டம் உருவான 1930-இல் நகேந்திரர் அறுபதை எட்டிய முதியவர். 1940-இல் அவர் இயற்கை எய்தினார்.

அவர் கிறிஸ்தவர் அல்லர். எனினும், ஓருடலில் பல உறுப்புகள் என்று புனித பவுலடியார் கற்பித்ததை அவர் ஆடுகளத்தில் செய்து காட்டினார் எனலாம். நாமோ அந்த மடலைக் கோவிலில் ஆண்டுதோறும் கேட்பவர்கள். ஆயினும் தமிழகத் திருச்சபையில் சில ஊர்களில் கோவில் இருக்கையிலும், தேர் செல்லும் வீதியிலும், கல்லறைத் தோட்டத்திலும்கூடச் சாதி கோடு கிழித்திருந்ததை மறைப்பதற்கில்லை. அக்கோடு இன்னும் முற்றிலும் அழிந்துவிடவில்லை.

விழாக் குழு அமைக்கும்போதும், பாடற்குழுவுக்கு ஆள் சேர்க்கும்போதும், பந்தாட அணி பிரிக்கும்போதும், எந்தத் தெருப் பிள்ளை என்று கேட்கும் வழக்கம் நம்மிடம் உண்டா? உண்டென்றால், நம் பங்கின் மணி தாஸ் யார் என்று தேடிப் பார்ப்போம். அவர் பெயரைப் பட்டியலின் கடைசியில் அல்ல, முதலில் எழுதுவோம். அதனால் பழைய குழு ஒன்று கலைய நேர்ந்தாலும் அஞ்ச வேண்டாம். வெலிங்டன் கழகம் கலைந்ததால் கால்பந்து அழிந்து போகவில்லை.