அப்பாவா, போலீசா? ஜெபாட்டா, துவாவா? பி. ரம்லி விட்டுச் சென்ற கேள்விகள்

பண்டிகை நாள்களில் தொலைக்காட்சியைத் திறந்தால் எப்படியும் ஒரு கறுப்பு வெள்ளை மலாய்ப் படம் ஓடிக்கொண்டிருக்கும். மெல்லிய மீசை, சுருட்டை முடி, கொஞ்சம் சோகம் கலந்த சிரிப்பு. பி. ரம்லியை நம் வீடுகளிலும் அடையாளம் சொல்லத் தேவையில்லை. 'பூஜாங் லாப்போக்' படங்களைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்திருக்கிறோம். ஆனால், அவர் படங்களில் வரும் மனிதர்கள் என்ன செய்கிறார்கள், ஏன் செய்கிறார்கள் என்று யோசித்துப் பார்ப்பவர்கள் குறைவு. அவர் வாழ்க்கையோடு சேர்த்துப் பார்த்தால் அந்தப் பாத்திரங்கள் வேறு விதமாகத் தெரிகின்றன.

1929 மார்ச் 22-ஆம் தேதி பினாங்கில் பிறந்தார். இயற்பெயர் தெயுக்கு ஸக்காரியா. தந்தை தெயுக்கு ஞாக் பூத்தே, சுமத்ராவின் அச்சேயிலிருந்து வந்த கப்பலோட்டி. தாயார் செ மா, பட்டர்வொர்த் பக்கத்தவர். பெயருக்கு முன்னால் உள்ள 'பி', தந்தையின் பெயரான பூத்தேயைக் குறிப்பது. கம்போங் ஜாவா மலாய்ப் பள்ளியில் தொடங்கி, பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் வரை படித்தார். இடையில் ஜப்பானியர் ஆட்சி வந்தது. படிப்பைவிடப் பாட்டிலும் பந்து விளையாட்டிலும்தான் பையனுக்கு நாட்டம்.

1948-இல் புக்கிட் மெர்த்தாஜாமில் நடந்த ஒரு விழாவில் அவர் பாடியதை இயக்குநர் பி. எஸ். ராஜான்ஸ் கேட்டார். அதே ஆண்டு ஆகஸ்டில் இளைஞர் சிங்கப்பூரில் இருந்தார். பாலஸ்தியர் வட்டாரத்தில் ஜாலான் அம்பாஸில் ஷா சகோதரர்கள் நடத்திய படப்பிடிப்பு நிலையம்தான் இனி அவருக்குப் பள்ளிக்கூடம். முதல் படமான 'சிந்தா'வில் வில்லன் வேடம். கதாநாயகனுக்குப் பின்னணிக் குரலும் அவரே. முகத்தில் பருத்தழும்பு உள்ள இந்த ஒல்லிப் பையனை யார் கதாநாயகனாக்குவார்கள்? 1950-இல் 'பக்தி' படத்தில் அந்த வாய்ப்பைக் கொடுத்தவர் எல். கிருஷ்ணன். பினாங்கில் வளர்ந்த நம் தமிழர். ரம்லி தன் சொந்தக் குரலிலேயே திரையில் பாடியதும் அந்தப் படத்தில்தான். இதை நாம் இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லிக்கொள்ளலாம்.

அந்தக் காலத்தில் மலாய்ப் படங்களை இயக்கியவர்களில் பெரும்பாலோர் இந்தியாவிலிருந்து தருவிக்கப்பட்டவர்கள். நல்லவன், கெட்டவன், கண்ணீர் விடும் தாய், நடுநடுவே பாட்டு என்று கதையமைப்பும் அங்கிருந்தே வந்தது. ரம்லி அந்தச் சட்டகத்தைத் தூக்கி எறியவில்லை. அதற்குள் இருந்துகொண்டே மனிதர்களை மாற்றினார். 26 வயதில், 1955-இல், அவர் முதன்முதலாக இயக்கிய 'பெனாரிக் பெச்சா'வின் நாயகன் பெச்சா மிதிக்கும் ஓர் ஏழை. பணக்காரப் பெண்ணைக் காதலிக்கிறான், அவள் தந்தை அவமதிக்கிறார், முடிவில் மனம் திருந்துகிறார். கதை புதிதல்ல. ஆனால், தெருவில் நாம் தினமும் பார்த்துக் கடந்து போகும் தொழிலாளிக்கு ஒரு தன்மானம் உண்டு என்பதைப் படம் பிடிவாதமாகக் காட்டுகிறது.

அடுத்த ஆண்டு பணி மஜும்தார் இயக்கிய இரண்டு படங்கள் ரம்லியின் பெயரைப் பெரிதாக்கின. ஒன்று வண்ணப்படமான 'ஹங் துவா'. அதன் இசைக்காக ஹாங்காங்கில் நடந்த ஆசியப் படவிழாவில் ரம்லி விருது பெற்றார். மலாக்கா சுல்தானுக்கு உயிரையே கொடுக்கும் வீரன் துவா. அவன்மீது பொய்ப்பழி விழுகிறது. சுல்தான் மரண தண்டனை விதிக்கிறார். பெண்டாஹாரா இரகசியமாக ஒளித்து வைக்கிறார். நண்பன் கொல்லப்பட்டான் என்று நம்பி அநியாயத்துக்கு எதிராகக் கிளம்புகிறான் ஜெபாட். கடைசியில் சுல்தானின் ஆணைப்படி, தனக்காக எழுந்த நண்பனையே துவா கொல்கிறான். கும்பகர்ணனா, வீடணனா என்று நம் பட்டிமன்றங்களில் ஓயாமல் வாதிடுகிறோமே, அதே முடிச்சுதான் இது. நன்றியா, நியாயமா?

படத்தில் எனக்கு மறக்க முடியாதது சண்டைக் காட்சி அல்ல. எல்லாம் முடிந்தபின் துவா தனியாக நின்று, சரியாக நடந்தது தானா ஜெபாட்டா என்று தன்னையே கேட்டுக்கொள்ளும் இடம்தான். வெற்றி பெற்றவன் முகத்தில் வெற்றியே இல்லை. ரம்லியின் நடிப்பில் அந்தச் சந்தேகம் அப்படியே தெரியும். இது வந்து மூன்று ஆண்டுகளில், 1959-இல், காசிம் அகமது என்ற பல்கலைக்கழக மாணவர் 'ஹிக்காயாட் ஹங் துவா'வின் பாத்திரப் படைப்பை ஆய்வுசெய்து, உண்மையான வீரன் ஜெபாட்தான் என்று எழுதினார். பெரிய விவாதம் மூண்டது. 1961-இல் ஹுசேன் ஹனிஃப், ஜெபாட்டின் பெயரிலேயே ஒரு படம் எடுத்தார். ரம்லியின் துவா அன்று திரையில் தயங்கி நின்றதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று யாரும் நிரூபிக்க முடியாது. ஆனாலும் காலம் ஒத்துப்போகிறது.

இன்னொன்று 'அனாக்கு சஸாலி'. தந்தை ஹசான், மகன் சஸாலி இரண்டு வேடங்களும் ரம்லியே. 1957-இல் தோக்கியோ ஆசியப் படவிழாவில் சிறந்த நடிகர் விருதைப் பெற்றுத் தந்த படம். மனைவி பிரசவத்தில் இறந்துவிட, தாயில்லாப் பிள்ளை என்று மகனுக்குக் கேட்டதையெல்லாம் கொடுக்கிறார் ஹசான். பொய் சொன்னாலும் நம்புகிறார், தவறு செய்தாலும் தாங்குகிறார். பையன் குண்டர் தலைவனாகி நிற்கிறான். முடிவில் போலீசை அழைப்பவர் தந்தைதான். மகன் கெட்டவன் என்று சொல்லிவிடுவது எளிது. படம் அப்படிச் சொல்லவில்லை. தொலைபேசியை எடுக்கும் அந்தக் கையே பிள்ளையை அப்படி வளர்த்தது என்பதையும் மறைக்கவில்லை. பிள்ளைக்குச் செல்லம் கொடுக்கும் எந்தத் தகப்பனும் இதை நிம்மதியாகப் பார்த்து முடிக்க முடியாது.

அதே 1956-இல் ரம்லி இயக்கிய 'செமெரா பாடி'யும் இந்த வகைதான். நண்பனுக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணைப் பாதுகாக்க நின்றவனே தடுமாறிவிடுகிறான். ஊர்த் தலைவர், தன் மகள் என்பதற்காகச் சட்டத்தை வளைக்க மறுக்கிறார். துரோகத்துக்கு ஆளான நண்பன் மன்னிக்கிறான். சட்டமும் மன்னிப்பும் ஒரே முற்றத்தில் நிற்கின்றன.

நகைச்சுவைப் படங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எஸ். ஷம்சுதீன், அஸிஸ் சத்தார் இருவரோடும் அவர் அடித்த கூத்து எல்லாருக்கும் தெரியும்.

'இபு மெர்த்துவாகு' வேறு. 1962. இசைக்கலைஞன் காசிம் செலாமாட்டைப் பணக்கார வீட்டுப் பெண் சபரியா விரும்புகிறாள். மருமகன் வாத்தியம் வாசிப்பவனா என்று தாய் கொதிக்கிறாள். இளந்தம்பதி பினாங்கில் வறுமையில் தவிக்கும்போது, பிரசவத்துக்கு மகளைச் சிங்கப்பூர் அழைத்துப்போன தாய், அவள் இறந்துவிட்டதாகக் காசிமுக்குப் பொய்த் தந்தி அடிக்கிறாள். அழுது அழுதே அவன் பார்வை போகிறது. அவனுக்குச் சிகிச்சை செய்து பார்வையைத் திருப்பித் தரும் டாக்டர், சபரியாவின் இரண்டாவது கணவர். உண்மை தெரிந்ததும் காசிம் முள்கரண்டியால் தன் கண்களைத் தானே குத்திக்கொள்கிறான். மிகையான முடிவு என்பார்கள். இருக்கலாம். ஆனால் அந்தத் தாயைப் பாருங்கள்: அவள் பேய் அல்ல, மகள் நன்றாக வாழவேண்டும் என்றுதான் எல்லாம் செய்கிறாள். கலைஞனுக்குச் சமூகத்தில் என்ன மதிப்பு என்ற கேள்வியை, தானும் இசைக்கலைஞனான ரம்லி, அவள் வாயிலாகத்தான் கேட்கிறார்.

அந்தக் கேள்வி அவர் வாழ்க்கையிலேயே திரும்பி வந்தது. 1964-இல் சிங்கப்பூரை விட்டுக் கோலாலம்பூரின் மெர்டேக்கா ஸ்டூடியோவுக்கு மாறினார். வசதிகள் குறைவு. வெளிநாட்டு வண்ணப்படங்கள் திரையரங்குகளை நிரப்பிய காலத்தில் அவர் கறுப்பு வெள்ளையில் எடுத்துக்கொண்டிருந்தார். கூட்டம் குறைந்தது, ரம்லியின் காலம் முடிந்துவிட்டது என்றார்கள். 1972-இல் வந்த 'லக்சமானா டோ ரே மி' அவர் இயக்கிய கடைசிப் படம். 34 படங்களை இயக்கியவர், பெரிய சொத்து எதுவும் சேர்க்காமல், 1973 மே 29-ஆம் தேதி மாரடைப்பால் இறந்தார். வயது 44.

பிறகு எல்லாம் வந்தன. 1982-இல் கோலாலம்பூரில் ஒரு சாலைக்கு அவர் பெயர். 1986-இல் செத்தாபாக் வீடு நினைவகமானது. 1990-இல் டான்ஸ்ரீ பட்டம். 1983-இல் காலமான அவர் மனைவி, பாடகி சலோமா, ஜாலான் அம்பாங் முஸ்லிம் மயானத்தில் அவர் பக்கத்திலேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.